மடியில் ஒரு கிலோ பாரம்

(எமது சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் நான் பேசியது. மலர்க் குழுவினர் எழுதித் தரும்படி கேட்டதற்கிணங்க, பேசினபடியே கூடியவரை எழுதியிருக்கிறேன்.)



நான் மேடையேறிப் பேசிப் பழகியவன் அல்லன். ஊரில் ஏ.எல் வரைதான் படித்தேன். கணிதப் பிரிவில் சோதனை எழுதினேன், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணாது. அதன் பிறகு நடந்தவை எல்லாம் உங்கள் ஒவ்வொருவருக்கும் நடந்தவைதான், அதைச் சொல்லி நேரத்தைப் போக்கவில்லை. 2012 இல் பலெர்மோவுக்கு வந்தேன். முதல் ஆறு வருடம் வீட்டு வேலை, வயோதிபர் பராமரிப்பு. இப்போது காரினிப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வார்ப்பு மெசினில் நிற்கிறேன். ஆகவே நான் டொக்டரும் இல்லை, சிகிச்சையாளரும் இல்லை. ஒரு பிள்ளையின் தகப்பன். அந்த அளவுக்கு மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கோ.

இந்த வருடப் பொங்கல் விழாவில் உங்களில் பலர் என்னுடைய மகனைப் பார்த்திருப்பீர்கள். மண்டபத்தின் பின்பக்கம், சாப்பாட்டு மேசைக்குக் கீழே, மடியில் ஒரு நீலத் துணியை வைத்துக்கொண்டு, காதில் பெரிய காதுமூடி போட்டுக்கொண்டு இருந்தவன் அவன்தான். சிலர் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். சிலர் போய்த் தங்களுக்குள் பேசினார்கள். ஒரு அம்மா மட்டும் நேரே வந்து, "தம்பி, பிள்ளைக்குக் காதில ஏதும் வருத்தமோ?" என்று கேட்டார். அவர் கேட்டதால்தான் நான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன். அவருக்குச் சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டு நின்ற தலைவர், "இதை எல்லாருக்கும் சொல்லுமன்" என்றார்.

மகனுக்கு இப்போது எட்டு வயது. மூன்றரை வயதில் ஓட்டிசம் என்று சொன்னார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே என் மனைவிக்குச் சந்தேகம் இருந்தது. ஊரில் இருந்து அம்மா ரெலிபோனில், "கதைக்கப் பிந்தும், அதுக்கென்ன, உன்ர மாமாவும் அஞ்சு வயசிலதான் கதைச்சவர்" என்றார். எனக்கும் அந்தப் பேச்சு வசதியாக இருந்தது. அந்த ஒரு வருடம் என் கணக்கில்தான் சேரும், மனைவியின் கணக்கில் அல்ல.

பொங்கலுக்கு வந்த இதே பிள்ளையை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சாமத்திய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மைக் கூவியது, பெட்டி பாடியது, ஒரே வெளிச்சம், சனம். பத்து நிமிடத்தில் அவன் நிலத்தில் விழுந்து குழறத் தொடங்கிவிட்டான். உறவுக்காரர் ஒருவர் மனைவியின் காதில் விழும்படி, "செல்லம் குடுத்துப் பழுதாக்கிப் போட்டினம்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனைவி ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நாங்கள் எந்தக் கொண்டாட்டத்துக்கும் வரவில்லை. இப்போது வருகிறோம். இடையில் நடந்தது என்ன என்பதுதான் என் பேச்சு.

முதலில், இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்பதை எனக்கு விளங்கினபடி சொல்லுறன். நீங்கள் பல்லாரோச் சந்தையில் நிற்கிறீர்கள். மீன்காரன் கத்துகிறான், மோட்டச் சைக்கிள் இடிக்கிற மாதிரிப் போகிறது, பொரியல் மணம், மேலே சிவப்புத் தகட்டு வெளிச்சம். உங்களுடைய மூளை அதில் முக்கால்வாசியைத் தானாகவே தள்ளிவிட்டு, "தக்காளி எவ்வளவு?" என்பதை மட்டும் கேட்கிறது. என் மகனுடைய மூளை எதையும் தள்ளாது. எல்லாம் ஒரே சத்தத்தில், ஒரே நேரத்தில் உள்ளே வரும். சேட்டின் கழுத்தில் இருக்கிற சிறிய லேபல் அவனுக்கு முள்ளுக் குத்துகிற மாதிரி. யூலை 14 ஆம் திகதி இரவு சாந்த ரொசாலியாத் திருவிழா வாணவேடிக்கை எங்களுக்குக் கொண்டாட்டம், எங்கட சனத்தில் சிலருக்கு அது வேறொன்றையும் நினைவூட்டும். அவனுக்கு அது சுவர் இடிந்து விழுகிற மாதிரி. இதற்கு மாறாக, சில உணர்வு அவனுக்குக் காணாமல் இருக்கும். தன் கை கால் எங்கே இருக்கிறது என்பதே அவனுக்குச் சரியாகத் தெரியாது போல, குதிப்பான், சுவரோடு தோளை மோதுவான், சேட்டுக் கழுத்தைக் கடிப்பான். அது குழப்படி இல்லை. உடம்பைத் தேடுகிறான்.

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. தொழில்வழிச் சிகிச்சையாளர். 1972 இல் இது பற்றிப் புத்தகம் எழுதினார். 2013 இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் வெளியிட்ட நோய்க் கையேட்டில், ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ எதிர்விளைவு காட்டுவதும் ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இப்படி மூளை வேறு விதமாக அமைந்தவர்கள் குறைந்தவர்கள் அல்லர், வேறானவர்கள் என்று ஓட்டிசம் உள்ளவர்களே 1990 களின் கடைசியில் சொல்லத் தொடங்கினார்கள். அந்தச் சொல்லுக்கு நல்ல தமிழ் என்ன என்று தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு "வேறு மாதிரி" போதும்.

இனி ஒரு காசுத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் இங்கே வந்த மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், ஆயிரம் லீரா நோட்டு. எங்கள் சங்கத்து ஐயா ஒருவர் முதல் சம்பளத்தில் மிஞ்சிய ஒன்றை இன்னும் அல்பத்தில் வைத்திருக்கிறார். 1990 இல் வெளிவந்து, 2002 இல் யூரோ வரும்வரை புழங்கிய அந்த நோட்டில் இருக்கிற வயதான அம்மா யார் என்று அவரிடம் கேட்டேன். "யாரோ ராணியாக்கும்" என்றார். ராணி இல்லை. மரியா மொண்டிசோரி. ஊரில் நாங்கள் "பிள்ளை மொண்டிசோரிக்குப் போகுது" என்கிறோமே, அது ஒரு பெண்ணின் பெயர் என்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரியும்.

அவர் ஒரு டொக்டர். ரோமில் மனநோய் ஆஸ்பத்திரிகளில், புத்தி குறைந்தது என்று பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். அந்த நாளில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் நிலத்தில் விழுந்த பாண் துகள்களைப் பொறுக்குகிறார்கள், பார்த்துக்கொள்கிறவள் அருவருப்போடு "எவ்வளவு தின்றாலும் அடங்காதுகள்" என்கிறாள். மொண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்க்கிறார். கையால் தொடுவதற்கு ஒரு பொருள்கூட அங்கே இல்லை. பிள்ளைகளுக்குப் பசி வயிற்றில் இல்லை, விரலில். அதற்குப் பிறகுதான் அவர் இத்தார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர் எழுதினதைத் தேடிப் படித்து, தொட, தூக்க, ஆட்டிக் கேட்கச் சாமான்கள் செய்வித்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்து, ஆட்டினால் வேறு வேறு சத்தம் வரும் உருளை, பார்வைக்கு ஒன்றுபோல இருந்தும் 12, 18, 24 கிராம் என்று பாரம் மாறும் மரத்துண்டு. அந்தப் பிள்ளைகளில் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் சோதனையிலேயே சித்தி எய்தினார்கள். பிறகு, 1907 சனவரி 6 ஆம் திகதி, ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் சாதாரணப் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார். ஆகவே உலகம் முழுவதும் உள்ள மொண்டிசோரிப் பள்ளிகளின் சாமான்களில் ஒரு பகுதி எங்கட பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டதில் இருந்து வந்தது. 1939 இல் அவர் மகன் மாரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார், யுத்தத்தால் இந்தியாவிலேயே பல வருடம் தங்க நேர்ந்தது, 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். மாரியோ கலியாணம் ஆகாமல் பிறந்த பிள்ளை. ஊர்வாய்க்குப் பயந்து அவரை நாட்டுப்புறத்தில் வேறு குடும்பத்திடம் வளர விட்டவர் இந்த அம்மா. பிள்ளையை ஒளித்து வைப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

மகனை முதல் முறை சிகிச்சை அறைக்குக் கூட்டிப்போன போது நான் சிரித்துவிட்டேன். கூரையில் இருந்து இழுபடும் துணி ஒன்றைத் தூக்கிக் கட்டி, பிள்ளையை அதற்குள் வைத்துச் சுற்றி ஆட்டினார்கள். எனக்கு உடனே அம்மாவின் சேலையும் வளையும் நினைவு வந்தது. ஏணை! துணி உடம்பை எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடிக்கும், ஆட்டம் ஒரே சீராக இருக்கும், அதனால் பிள்ளை அடங்கும். சிகிச்சை செய்த பிள்ளை மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் படித்ததை எங்கட அம்மம்மாமார் படிக்காமல் செய்தார்கள் என்று நான் பெருமையாகச் சொல்ல, அவர் கேட்டார்: "உங்கள் ஊரில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் அதைக் கட்டுவீர்களா?" இல்லைத்தானே. எட்டு வயதில் அடிதான் விழும்.

இந்த இறுக்கம் பற்றி இன்னொரு கதை. ரெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு ஓட்டிசம். இளவயதில் தன் மாமியின் மாட்டுப் பண்ணையில் நின்றபோது, ஊசி போடுவதற்காக மாட்டை இரண்டு பக்கமும் பலகை நெருக்கிப் பிடிக்கும் கூட்டைப் பார்த்தார். உள்ளே போன மாடு அமைதியாகிறது. அவரும் அதற்குள் போய் நின்று பார்த்தார், பிறகு 18 வயதளவில் மரப்பலகையில் தனக்கென்று அப்படி ஒன்று செய்துகொண்டார். அவர் பின்னாளில் கொலராடோவில் பேராசிரியர்.

இப்போது என் தொழிற்சாலைக்கு வருகிறேன். என் வேலை வார்ப்பு மெசினின் புனலுக்குள் பிளாஸ்ரிக் மணி கொட்டுவது. அரிசியிலும் கொஞ்சம் பெரிது, வழுவழுப்பு, ஒரு சாக்கு 25 கிலோ. ஒருநாள் இரவு மனைவி ரெலிபோனில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தவர், "இங்க பாருங்கோ, உங்கட மணியல்லோ இது?" என்று காட்டினார்.

அது பாரப் போர்வை பற்றிய கதை. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் கீத் சிவலிச் என்று ஒரு தகப்பன். 1997 இன் கடைசியில் ஒரு நாள் அவருடைய சின்ன மகள், அந்தக் காலத்தில் பெயர் போன பீனி பேபி பொம்மை ஒன்றைத் தகப்பனின் தோளில் வைத்தாள். அதற்குள் நிரப்பியிருப்பது பிளாஸ்ரிக் மணி. அந்தச் சின்னப் பாரம் யாரோ தோளில் கை வைத்தது போல இருந்ததாம். பொம்மைக்குள் இருப்பதைப் போர்வைக்குள் வைத்தால் என்ன என்று யோசித்து, குடும்பமாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். தாங்கள்தான் முதல் என்று அவர்கள் சொல்கிறார்கள். சிகிச்சையாளர்கள் அதற்கு முன்பும் கையால் தைத்துப் பாவித்திருக்கிறார்கள், அந்த வழக்கைத் தீர்ப்பது நம் வேலை இல்லை. அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பெரும் பங்கு எங்களைப் போன்ற பெற்றோரும் விசேட பிள்ளைகளின் ஆசிரியரும்தான்.

வருடக்கணக்காக நான் கையால் அள்ளிக் கொட்டிய சாமான்! அது வாளியாகும், மூடியாகும் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காப்போவிடம் போய், புது மணி இரண்டு கிலோ விலைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். எதற்கு என்றார். மகனுக்கு என்றேன், எனக்குத் தெரிந்த இத்தாலியனில் விளக்கினேன். மனுசன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். எனக்குப் பயமாகப் போய்விட்டது, திருட வந்தவன் என்று நினைத்தாரோ என்று. வேலை முடிகிற நேரம் ஒரு பையில் கட்டிக் கொண்டு வந்து தந்தார். காசு வாங்கவில்லை. "என் தங்கச்சியின் பிள்ளையும் அப்படித்தான். உன் மனைவி தைத்தால் எங்களுக்கும் ஒன்று" என்றார். அந்த மனிதரோடு நான்கு வருடம் வேலை செய்திருக்கிறேன், அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒளித்து வைக்கிற பழக்கம் எங்களிடம் மட்டும் இல்லை.

மனைவி தைத்தது போர்வை அல்ல, மடித்துணி. செய்முறையைச் சொல்லுறன், எழுதுகிறவர்கள் எழுதுங்கோ. பழைய பருத்திப் படுக்கை விரிப்பில் உள்ளுறை. அதை 11 சென்ரிமீற்றர்ச் சதுரமாக, மூன்றுக்கு நான்கு, பன்னிரண்டு அறையாகத் தைக்க வேண்டும். ஒரு வரிசை மணி போட்டு மூடித் தைத்த பிறகே அடுத்த வரிசை. ஒவ்வொரு அறைக்கும் 100 கிராம், சமையல் தராசில் நிறுத்து. அறை பிரிக்காமல் தைத்தால் மணி முழுவதும் ஒரு மூலைக்கு ஓடிவிடும், பிள்ளைக்கு எரிச்சல்தான் வரும். தையல் இரண்டு முறை ஓட வேண்டும், ஒரு மணி வெளியே வந்தாலும் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் தொண்டையில் போகும். மேலுறை பிள்ளைக்குப் பிடித்த துணி. எங்கள் மகன் பத்துத் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நீலத்தை எடுத்தான். அரிசி, பயறு போட்டுத் தைக்கலாமோ என்று கேட்பீர்கள். தைக்கலாம், ஆனால் தோய்க்க ஏலாது, புழுவும் எலியும் வரும். முதலில் பயறு போட்டுத்தான் தைத்தோம், அதனால் தெரியும்.

மகனுக்கு 24 கிலோ, மடித்துணி 1 கிலோ 200 கிராம். எவ்வளவு பாரம், எவ்வளவு நேரம் என்பதைச் சிகிச்சையாளர்தான் சொன்னார். நீங்களும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். சாப்பிடும்போதும் பாடம் எழுதும்போதும் மடியில் வைப்பான். முன்பு ஐந்து நிமிடம் கதிரையில் இராதவன், இப்போது கால் மணித்தியாலம் இருப்பான். சில நாள் தூக்கி எறிவான். எறிந்தால் விட்டுவிடுவோம்.

காதுமூடியின் கதை சின்னது. மெசின் சத்தத்துக்கு எங்களுக்குத் தருகிற குஃப்பியேதான். அதிலே சின்னப் பிள்ளைகளின் அளவிலும் உண்டு. எட்டு மணித்தியாலம் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிற எனக்கு, சத்தத்தால் துடிக்கிற பிள்ளைக்கு அதைப் போட்டுவிடலாம் என்று நான்கு வருடம் மண்டையில் ஏறவில்லை! தொழிற்சாலையில் நான் அதைப் போட்டால் பாதுகாப்பு, மண்டபத்தில் அவன் போட்டால் விசர் என்று யார் எங்களுக்குச் சொல்லித் தந்தது?

கடிக்கிற பிள்ளைகளுக்குச் சிலிக்கனில் கடிப்பான் விற்கிறார்கள். பிளாஸ்ரிக்கோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லுறன். சாப்பாட்டுப் பொருளோடு படலாம் என்பதற்கு ஐரோப்பாவில் கிளாசும் முள்ளுக்கரண்டியும் போட்ட அடையாளம் இருக்கும். ஆனால் அந்த அடையாளம் "கடித்தால் உடையாது" என்று சொல்லவில்லை. கடிக்கவென்று செய்ததைத்தான் வாங்க வேண்டும், கிழமைக்கு ஒருமுறை வெடிப்புப் பார்க்க வேண்டும்.

இனி கசப்பான பக்கம். இந்தச் சாமான்கள் மருந்து அல்ல. நானும் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு அங்கி, போட்டால் பிள்ளை ஆறு கிழமையில் கதைப்பான் என்று எழுதியிருந்தது, 90 யூரோ. இரண்டு நாள் சம்பளம் இல்லாவிட்டாலும் அதற்குக் கிட்ட. மகன் அதை ஒருமுறைகூடப் போடவில்லை. 2014 இல் "பீடியாற்றிக்ஸ்" என்ற வைத்திய சஞ்சிகையில் இங்கிலாந்து ஆய்வொன்று வந்தது. ஓட்டிசம் உள்ள 67 பிள்ளைகளுக்குப் பாரப் போர்வையும் சாதாரணப் போர்வையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். நித்திரை கூடவில்லை. ஆனால் பிள்ளைகளும் பெற்றோரும் பாரப் போர்வையையே கூட விரும்பினார்கள். எனக்கு அந்த இரண்டு வரியும் நேர்மையாகப் பட்டது. நோயை மாற்றாது, பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது. 2012 இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமும், இப்படியான புலன் சிகிச்சைகளுக்கு ஆதாரம் இன்னும் குறைவு, பயன் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள் என்றுதான் சொன்னது.

ஆபத்தும் உண்டு, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கோ. 2008 இல் கனடாவில் கியூபெக் மாகாணத்தில், ஓட்டிசம் உள்ள ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று பள்ளியில் பாரப் போர்வையில் சுற்றப்பட்டு இறந்தது. 2022 இல் அமெரிக்காவில் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள் பாரப் போர்வையின் உறைக்குள் சிக்கி இறந்ததால், ஒரு பெரிய கடைக் கம்பனி இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட போர்வைகளைத் திருப்பி எடுத்தது. ஆகவே எங்கள் வீட்டில் சட்டம் மூன்று. தலைக்கு மேல் வராது. சுற்றிக் கட்டுவதில்லை. அவனாகத் தள்ளி விழுத்த முடியாத பாரம் இல்லை. நித்திரைக்கு நாங்கள் கொடுப்பதே இல்லை.

மனைவி இதுவரை பதினான்கு மடித்துணி தைத்திருக்கிறார். ஒன்பது எங்கட சனத்துக்கு. பெயர் சொல்லமாட்டேன், அவர்களில் சிலர் இருட்டின பிறகு வந்துதான் வாங்கிப் போனார்கள். ஐந்து இத்தாலியருக்கு. துணிக் காசு மட்டும் வாங்குவார். "இதை வியாபாரமாகச் செய்யலாமே" என்று கேட்காதவர்கள் இல்லை. நாங்களும் இரவிரவாகக் கணக்குப் பார்த்தோம்.

இப்படித் தொடங்கி நிமிர்ந்தவர்கள் உண்டு. பென்சில்வேனியாவில் அவீவா வைஸ் என்ற தாய். அவரே தொழில்வழிச் சிகிச்சையாளர், மகளுக்குப் புலன் சிக்கல். கடையில் கிடைத்ததெல்லாம் ஆஸ்பத்திரிச் சாமான் போல இருந்ததால், பிள்ளை ஆசைப்பட்டுப் போடுகிற மாதிரிச் செய்யவென்று கணவரோடு சேர்ந்து 2000 களின் நடுவில் ஒரு சிறு தொழில் தொடங்கினார். இன்று அது பாடசாலைகளுக்கு விற்கிற நிறுவனம். மற்றப் பக்கமும் உண்டு. புளோரிடாவில் கதரின் ஹெற்றிங்கர் என்ற தாய். தசை பலமிழக்கிற நோய், மகளின் விளையாட்டுச் சாமானைக்கூடப் பொறுக்க முடியாத நிலை. அந்த நாளில் விரலில் சுழலும் ஒரு பொருளைச் செய்து சந்தைகளில் விற்றார், 1997 இல் காப்புரிமை எடுத்தார். பெரிய பொம்மைக் கம்பனி ஹாஸ்ப்ரோ பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. 2005 இல் காப்புரிமையைப் புதுப்பிக்க 400 டொலர் கையில் இல்லை, விட்டுவிட்டார். 2017 இல் உலகம் முழுவதும் பிள்ளைகள் கையில் ஸ்பின்னர் சுழன்றது. அவர் செய்ததும் அதுவும் ஒன்றல்ல என்று காப்புரிமை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், அது உண்மைதான். என்றாலும் அந்த 400 டொலர் எனக்கு உறைக்கிறது. அதே 2017 இல் பாரப் போர்வைக்கென்று ஒரு புதுக் கம்பனி பொதுமக்களிடம் முன்காசாக 47 இலட்சம் டொலர் சேர்த்தது. சிவலிச் குடும்பம் தைக்கத் தொடங்கி இருபது வருடத்துக்குப் பிறகு!

இங்கே கணக்காளரிடம் போய்க் கேட்டோம். விற்பதென்றால் பர்தீத்தா ஈவா திறக்க வேண்டும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விளையாடுகிற பொருள் என்றால் சி.ஈ அடையாளம், அதற்குப் பரிசோதனைப் பத்திரம். "வருத்தத்துக்கு நல்லது" என்று ஒரு வரி எழுதினால் அது மருத்துவ உபகரணம் ஆகிவிடும், அதற்கு வேறு சட்டம். மனைவி காலையில் இரண்டு வீடு துடைக்கிறார், பின்னேரம் மகனோடு. மடித்துணி ஒன்றுக்கு ஐந்து மணித்தியாலம். நான் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குவமோ என்று ஒருநாள் கேட்டேன். "உங்கட சம்பளமும் போய், பிள்ளைக்கு நான் தைக்கிற ஆசையும் போகும்" என்றார். இப்போதைக்கு அந்த முடிவு. எங்களில் நான்கு ஐந்து தாய்மார் சேர்ந்தால் கணக்கு மாறலாம், தையல் தெரிந்தவர்கள் மனைவியோடு கதையுங்கோ.

சாமானை விடப் பெரியது உரிமை, அதையும் இரண்டு வார்த்தை. இத்தாலியில் 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேறாக்கி வைக்கிற வகுப்புகள் ஒழிக்கப்பட்டன. எங்கட பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில், துணை ஆசிரியரோடு படிக்க உரிமை உண்டு. "சென்தோகுவாத்ரோ" என்கிற 1992 ஆம் ஆண்டு 104 ஆம் சட்டத்தில், பிள்ளையின் நிலை கடுமையானது என்று எழுதினால், வேலை செய்கிற பெற்றோருக்கு மாதம் மூன்று நாள் சம்பளத்தோடு லீவு. நான் எடுக்கிறேன், வெட்கம் இல்லை. பள்ளிக்கோ சிகிச்சைக்கோ போகிற பிள்ளைக்கு இன்ப்ஸில் மாதக் கொடுப்பனவு உண்டு. "நீண்டகாலக் கார்த்தா இல்லாத வெளிநாட்டவருக்கு இல்லை" என்று எனக்கு ஒரு கந்தோரில் திருப்பி அனுப்பினார்கள். அது பிழை. சட்டப்படி இங்கு வாழ்கிற வெளிநாட்டவருக்கு அதை மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2011 இல், 329 ஆம் இலக்கத் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அந்த இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொண்டு பத்ரொனாதோவுக்குப் போங்கோ. விண்ணப்ப முறை மாறி வருகிறது, அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கோ.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். சித்திரைப் புத்தாண்டு விழாவில் சமையல் அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையை வெளிச்சம் குறைத்து, பெட்டிச் சத்தம் வராமல் திறந்து வையுங்கோ. பாயும் தலையணையும் நான் கொண்டு வருவேன். அந்தப் பிள்ளைகள் அரை மணித்தியாலம் உள்ளே, கால் மணித்தியாலம் வெளியே என்று இருக்கட்டும். தாய்மார் நடனமாவது பார்ப்பார்கள். இதை நான் சொன்னவுடன் தலைவர் தலையை ஆட்டினதை எல்லோரும் பார்த்தீர்கள், செயலாளர் எழுதியும் கொண்டார்.

பின்மேசையில் சாமான்கள் வைத்திருக்கிறேன். இரண்டு மடித்துணி, ஒரு காதுமூடி, கடிப்பான், ஒரு போத்தலில் என் தொழிற்சாலை மணி. எடுத்துத் தொட்டுப் பாருங்கோ, மடியில் வைத்துப் பாருங்கோ, பெரியவர்களுக்கும் பிடிக்கும். நீல நிறத்தை மட்டும் எடுக்க வேண்டாம். அது மகனுடையது, அவன் இப்போது மேசைக்குக் கீழேதான் இருக்கிறான்.